நாலு துண்டு நிலம், ஒரு முதுகு

புடலங்காய்க்குக் கல் கட்ட வேண்டும். பிஞ்சு ஒரு சாண் நீளம் வந்ததும் அதன் நுனியில் சணலால் முடிச்சுப் போட்டு ஒரு சின்னக் கல்லைத் தொங்கவிட்டால், அந்த எடைக்குக் காய் நேராக இறங்கும். கட்டாவிட்டால் சுருண்டுகொள்ளும். கடையில் நேராகக் கிடக்கும் காயைப் பார்த்துவிட்டு அது பிறவியிலேயே அப்படி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. யாரோ ஒருவன் ஒவ்வொரு காயாகத் தேடிப் போய்க் கட்டியிருக்கிறான். ஒரு காய்க்கு ஒரு கல். பந்தலில் இருபது காய் என்றால் அரை மணி நேர வேலை. எங்கள் பந்தல்களில் ஒரு வருடம் இருநூறுக்கு மேல் தொங்கின. அந்த வருடம் நான் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தேன். அயனம்பாக்கம் ஏரிக்குப் போகும் வழியில் கம்பெனி குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸுக்கும் பின்பக்கச் சுற்றுச்சுவருக்கும் நடுவில் பள்ளமான நிலம் ஒன்று கிடந்தது. கம்பெனி எதற்கோ வாங்கிப் போட்டு எதுவும் கட்டாமல் விட்டது. முள் மண்டிக் கிடக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய அதிகாரிக்கு, தொழிலாளிகள் காய்கறி பயிரிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியாது. முள்ளை வெட்டி, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மூலைக்கு மூலை சுண்ணாம்பு அடித்த கல் நட்டார்கள். ஒரு துண்டு அறுபதடி நீளம், முப்பதடி அகலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தகரப் பலகை. அதில் எடுத்தவரின் டோக்கன் நம்பர். நடுவில் ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஒரு துண்டுக்கு வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர். காயை விற்கக் கூடாது என்று விதி. வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் எஸ்டேட் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த வருடமும் துண்டு நமக்கு. போடாவிட்டால் கேட்கிற அடுத்த ஆளுக்கு.

எனக்கு மண் மேல் காதல் எல்லாம் கிடையாது. என் அப்பா திருவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். வரப்பில் நிலத்துக்காரர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான். "குனி." அப்பா குனிந்துதான் இருப்பார். அப்போதும் சொல்வார். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன், மண்ணைத் தொடவே கூடாது என்றுதான் ஐடிஐ படித்து இரும்பு வேலைக்கு வந்தேன். ஊர்ப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியது இல்லை.

ஆனாலும் துண்டு தருகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். முதல் ஆள் என்பதால் கிணற்றை ஒட்டின துண்டு கிடைத்தது. பலகையில் என் நம்பர். முதல் நாள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் ஏறிச் சும்மா நின்றேன். வேறு யாரும் அங்கே நிற்கவில்லை. கால் மணி நேரம் நின்றிருப்பேன். என் மனைவி கீரை விதையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாயா, வெயில்ல காயறதுக்கா நெலம் வாங்கின?" என்றாள்.

ஒரு துண்டு இருந்தவரைக்கும் அது சுகமான வேலை. வெண்டை, கத்திரி, ஓரமாகக் கீரை, ஒரு மூலையில் புடலைப் பந்தல். வீட்டுக்குப் போக மிஞ்சியது அக்கம்பக்கத்துக்கு. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

பக்கத்துத் துண்டுக்காரர் ரிட்டயர் ஆகிப் போனார். அதை எடுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்ததை வைத்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் சாமித் தொடர் வர ஆரம்பித்ததும் தோட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். அந்தத் தொடர் நிறையப் பேரின் கத்திரிச் செடியைக் காயவைத்தது. அவர் துண்டையும் எடுத்தேன். மூன்று ஆனது. ஒரு நாள் கேன்டீனில், லேத் ஓட்டும் டர்னர் ஒருவன் என் காது பட, "மூணே அவனுக்கு ஓவரு. நாலாவது எடுத்தா நாக்கு தள்ளிடும்" என்றான். மறுநாள் காலை எஸ்டேட் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே போய் நின்றேன். நாலாவது துண்டை நான் எடுத்தது முழுக்க முழுக்க அந்த டர்னருக்காக. அவன் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

நாலு துண்டு என்றால் வாரத்துக்கு எட்டு முறை தண்ணீர். மோட்டார் ஓடுவது காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நான் தொழிற்சாலைக்குள் நிற்கும்போதுதான் என் முறை வரும். அப்போதெல்லாம் மனைவிதான் போய் மடை திருப்ப வேண்டும். அவளுக்கு அது வேலை இல்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

அவள் தையல்காரி. கால் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பாள். குவார்ட்டர்ஸில் மட்டும் இல்லை, பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் வெட்டினால் தோளில் சுருக்கம் விழாது. எங்கள் வீடு ஒற்றை அறையும் சமையல் கட்டும். தோட்டத்திலிருந்து வரும் காயை எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில் பூசணி. அலமாரி மேல் வாழைத்தார். மிச்சம் எல்லாம் தையல் மிஷின் மேல். புடலங்காய் நீளமாக இருப்பதால் மிஷின் பலகைதான் அதற்குச் சரியான இடம் என்று நானே முடிவு செய்திருந்தேன். அவள் தைக்க உட்காரும்போதெல்லாம் சுமந்து கீழே வைப்பாள். தைத்து முடித்ததும் நான் மறுபடி ஏற்றுவேன்.

காயை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. முதல் வருடம் கதவைத் திறந்து சிரித்தவர்கள், நாலு துண்டு ஆன பிறகு என் சைக்கிள் மணி கேட்டால் ஜன்னலைச் சாத்தினார்கள். கையில் சுரைக்காயோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறேன், உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறது, தட்டினால் குரல் நின்றுபோகிறது. மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா என்று கோபம். என் பெரிய பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, டீச்சர் இனிமே காய் குடுத்தனுப்ப வேணாம்னு சொன்னாங்க" என்றாள். அந்த டீச்சருக்கு நல்ல சாப்பாட்டின் அருமை தெரியவில்லை என்று சொன்னேன். பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

இனி நட்டு விஷயம். கல்லைக் கட்டினால் நழுவும். வழவழப்பான கல் என்றால் சணல் பிடிக்காது. நாலு பந்தல் ஆன பிறகு தினமும் கீழே விழுந்த கல்லைப் பொறுக்கிக் கட்டுவதே பெரிய வேலை ஆனது. ஷாப்பில், அதாவது நாங்கள் வேலை செய்யும் கூடத்தில், ஸ்கிராப் தொட்டி ஒன்று உண்டு. மரை சரியாக விழாத முக்கால் இஞ்ச் நட்டுகள் அதில் கிடக்கும். நட்டில் ஓட்டை இருக்கிறது. சணலைக் கோர்த்தால் நழுவாது. எடையும் எல்லாவற்றுக்கும் ஒன்று. ஒரு நாள் நாலு நட்டை டிபன் கேரியரின் கீழ்த் தட்டில் போட்டு எடுத்து வந்தேன். மறுநாள் ஐந்து. இதை அழகாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. திருட்டுதான். அப்போது அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் நான் நினைக்கவே இல்லை. காய் நேராக இறங்கியது. நுனியில் நட்டு பளபள என்று ஆடும். பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தி.

தீபாவளிக்கு முன்னால் கையெழுத்துப் போடும் நாள் நெருங்கியது. அந்தச் சமயத்தில்தான் புடலை கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அவளுக்கும் அதே சமயத்தில்தான் தீபாவளி ஜாக்கெட் வந்து குவியும். நான் சாயங்காலம் வெட்டின வாழைத்தாரைப் பால் வடிய வடிய மிஷின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அடியில் ஒரு துணி இருந்தது. பூந்தமல்லிப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்குக் கொடுத்த பட்டு. வாழைக் கறை எதற்கும் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவள் கத்தவில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடித்தாள். மறுநாள் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போய், கடை கடையாக ஏறி அதே நிறத்தில் துணி தேடி வாங்கி, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு மாலையில் திரும்பினாள். வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"யோவ், இந்த தபா நாலுக்கும் கையெழுத்து போட்டியானா, நாலுக்கும் நீயே தண்ணி பாச்சிக்கோ. நான் மிஷின்ல குந்திக்கிறேன்."

"உட்டுட சொல்றியா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் யாரு சொன்னா? கொறைச்சிக்கோன்றேன்."

"எத்த கொறைக்கறது? மூணாவது துண்டுல மண்ணு எப்டி கீது தெரியுமா? வெண்ணெ மாரி கீது. நாலாவதுல போன வருசந்தான் பந்தல் போட்டேன்."

"அப்ப என்னிய கொறைச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுச் சமையல் கட்டுக்குள் போனாள்.

எனக்கு வந்த கோபத்தில் தோட்டத்துக்குப் போய் இருட்டும் வரை களை பிடுங்கினேன். டர்னர் சொன்னது காதில் ஓடியது. நாலில் ஒன்றைக் கொடுத்தாலும் அவன் சொன்னது பலித்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பலகைகளைப் பார்த்தேன். நாலிலும் என் நம்பர். அப்பா வாழ்ந்த காலம் முழுக்கக் குனிந்து நின்ற மண்ணில் ஒரு சாண் அவருக்கு இல்லை. என்னிடம் நாலு பலகை. அதைப் போய் ஆபீசில் கொடு என்றால்?

அந்த வாரமே ஆயுத பூஜை. கம்பெனியில் முதல் நாளே பூஜை போட்டுவிடுவோம். காலையில் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, மத்தியானம் ஷாப்பிலேயே சாப்பாடு. நான் முந்தின வாரமே வாய் விட்டிருந்தேன். "எங்க ஷாப்பு சாப்பாட்டுக்கு வெளியில காய் வாங்கக் கூடாது. நானே தர்றேன்." சொன்னது சொன்னதுதான். காலை ஐந்து மணிக்குத் தூறலில் போய் வெட்டினேன். பொழுது சரியாக விடியவில்லை. வழக்கமாக ஒவ்வொரு காயாகச் சணலை அறுத்து, நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வெட்டுவேன். அன்று ஷிப்டுக்கு நேரம் ஆகிவிட்டது. வளைத்து வெட்டிக் கோணியில் திணித்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் கேட்டில் வெளியே போகும் பையைத்தான் சோதிப்பார்கள். உள்ளே வருவதை யாரும் தொட மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மட்டும் உள்ளே வருவதையும் பார்ப்பார்கள், யாராவது பாட்டில் கொண்டு வருகிறார்களா என்று. இது எனக்குத் தெரியும். பாட்டில் இல்லாததால் பயம் இல்லை.

கேட்டில் காவலுக்கு இருந்தவன் என்னைவிடச் சின்னவன், குவார்ட்டர்ஸ்காரன்தான். கோணியை ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே கிணுக் என்றது.

"அண்ணாத்தே, உள்ள இன்னா கீது?"

"பொடலங்கா."

"பொடலங்கா எப்பத்துலருந்து சத்தம் போடுது?"

கோணியைப் பிரித்துக் காய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேஜை மேல் அடுக்கினான். ஐந்தாவது காயின் நுனியில் நட்டு. ஏழாவதில் நட்டு. மற்றவை வெட்டின வேகத்தில் அறுந்து விழுந்திருக்க வேண்டும்; மொத்தம் ஆறு காயில் தொங்கியது. அவன் ஒரு நட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பெனி முத்திரை அதில் இருந்தது. எனக்குப் பின்னால் முதல் ஷிப்டு மொத்தமும் வரிசையில் நிற்கிறது.

"மாமே, உன் தோட்டத்துல நட்டு காய்க்குதா?" என்று ஒருவன் கத்தினான். "எனக்கு ஒரு போல்ட்டு செடி குடேன். ஊட்டாண்ட வெச்சிக்கிறேன்."

அந்த டர்னரும் வரிசையில் இருந்தான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கேட்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே சந்தேகம். "எட்டு வருசமா கேட்ல நிக்கறேன். சாமான வெளிய தூக்கிகினு போறவன எத்தினியோ பேர புடிச்சிகீறேன். உள்ள தூக்கிகினு வர்றவன இப்பதான் பாக்கறேன். இத்த எதுல எய்தறது?" என்று நோட்டைப் புரட்டினான். வெளியே போன சாமானுக்கு மட்டும்தான் அதில் பத்தி இருந்தது.

"ஸ்கிராப்புதான?" என்றேன். "குப்பைக்குப் போறதுதான?"

"குப்பைக்குப் போறது எப்டி பொடலங்காக்குப் போச்சி? அத்தான் கேக்கறேன்."

பதில் இல்லாவிட்டால் நான் சத்தம் போடுவேன். போட்டேன். அவன் போனை எடுத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டான். ஃபோர்மேன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மேஜையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பத்து வருடமாக என் வாயைப் பொறுத்துக்கொண்டவர்.

"எத்தனை எடுத்த?"

"எண்ணல."

"வேலை போற விஷயம்யா இது."

"தெரியும்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கிண்ணத்தை மேஜை மேல் வைத்தார். "பூஜை நாள்ல ஒருத்தன் சோத்துல நான் மண்ணப் போட மாட்டேன். இருக்கறது மொத்தமும் திங்கக்கிழமை காலைல ஸ்கிராப் தொட்டில இருக்கணும். ஒண்ணு குறையக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கேட்காரனைப் பார்த்து, "நீ பாத்தது பொடலங்காதான்" என்றார்.

அன்று மத்தியானம் அந்தப் புடலங்காயில் கூட்டு வைத்தார்கள். எல்லோரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். கூட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஆள் சாதத்தைக் கிளறி, "நட்டு கீதா பாத்து துன்னு மாமே" என்றார்கள். நான் தலை நிமிரவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நட்டு அவுக்கறதுக்கு நான் வர்றேன். மொதல்ல என் மிஷினுக்குப் பொட்டு வெக்கணும். எங்க வெக்கறது? சொரக்கா மேலயா?"

மிஷின் மேல் இருந்த எல்லாவற்றையும் இறக்கினேன். பலகையை ஈரத் துணியால் துடைத்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அவள் கொண்டு வந்த மிஷின். பலகையில் வாழைக் கறையும் பூசணி வைத்த வட்டமும். தேய்த்தும் போகவில்லை. அவள் சக்கரத்துக்கும் ஊசிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச் சுற்றி, கற்பூரம் காட்டினாள். என் மண்வெட்டியையும் கொண்டு வந்து பக்கத்தில் சாத்தி அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். கோபத்தோடு வைத்தாளா, கோபம் இல்லாமல் வைத்தாளா தெரியவில்லை. அவளிடம் கேட்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை.

பத்து மணிக்குப் பந்தலுக்குள் நுழைந்தோம். ஆளுக்கு ஒரு பிளேடு, ஆளுக்கு ஒரு பக்கெட். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இலைக்குள் கையை விட்டுக் காயைத் தடவி, நுனியைப் பிடித்துச் சணலை அறுத்து, நட்டைப் பக்கெட்டில் போட வேண்டும். டங். டங். முதல் பந்தல் முடிய ஒரு மணி நேரம். நாலாவது பந்தலுக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பழுத்து விழுந்த காய்களோடு மண்ணில் புதைந்தவற்றையும் தோண்டி எடுத்தோம். எங்கள் பெண்கள் இருவரும் சாப்பாடு கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

முடிந்ததும் இரண்டு பக்கெட்டையும் வரப்பில் வைத்தோம். ஒன்றைத் தூக்கப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. நான் அவ்வளவு எடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நாலு, ஐந்து என்று எடுத்தது இவ்வளவா? ஒவ்வொரு நட்டும் ஒரு தடவை அண்ணாந்து, கையை மேலே தூக்கி, முடிச்சுப் போட்டது. பாதி முடிச்சு அவள் போட்டது. ஒரு முடிச்சுகூட அவள் விருப்பப்பட்டுப் போட்டது இல்லை.

அவள் வரப்பில் உட்கார்ந்து பக்கெட்டைக் காலால் தொட்டாள்.

"நட்டு கம்பெனிது. நெலம் கம்பெனிது. தண்ணி கம்பெனிது. காய துன்னது ஊரு. இதுல உன்னுது இன்னாயா? முதுகு ஒண்ணுதான். அதுவும் பாதி என்னுது."

எனக்குச் சுருக்கென்று வந்தது. பக்கெட்டை ஓர் உதை விட்டேன். பக்கெட் அசையவில்லை. என் கால் விரல் நகம் பிளந்துகொண்டது. ஐயோ என்று உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் சணல் அறுத்த கோடுகள். தையல்காரியின் கை. அந்தக் கையோடு அவள் தீபாவளிக்குப் பட்டு தைக்க வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரம் மடை உடைந்து தண்ணீர் வெண்டைப் பாத்தியில் பாய்ந்தது. நான் ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்புப் போட்டிருந்ததால் இறங்கவில்லை. வரப்பில் நின்றுகொண்டு அவளைப் பார்த்து, "குனிஞ்சி பாரும்மே! நல்லா குனி!" என்று கத்தினேன். கையில் குடை மட்டும்தான் இல்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஆறுதலாக எதையாவது சொல்லியிருப்பாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பக்கெட்டையும் சைக்கிளில் மாட்டித் தள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கேட்காரன் பார்த்தான். "பொடலங்காவா அண்ணாத்தே?" என்றான். "ஆமா" என்றேன். அவனே ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஷாப் வரைக்கும் வந்தான். வழியில், "ஒண்ணு கேக்கலாமா? உங்க துண்டுல ஒண்ணு எதுனா காலியாவுமா? ரெண்டு வருசமா எய்தி வெச்சிட்டு கீறேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நாலு பலகையில் நம்பர் எழுதிக்கொண்டு நின்ற இரண்டு வருடமும் இவன் ஒரு துண்டுக்கு வரிசையில் நின்றிருக்கிறான். எனக்கு இது தெரியவே தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் என்னைப் பார்த்ததும் தாளில் நாலு என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ண உடறீங்களா?"

"ஒண்ண வெச்சிக்கிறேன். மூணு உடறேன்."

அவர் பேனாவை நிறுத்தினார். "கோவத்துல சொல்றீங்களா, யோசிச்சு சொல்றீங்களா?"

"ரெண்டும்தான். எய்து சார்."

கிணற்றை ஒட்டின முதல் துண்டை வைத்துக்கொண்டேன். மூன்றாவது துண்டில் மண் வெண்ணெய் மாதிரி என்று சொன்னேன் இல்லையா, அது போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். பொய் சொல்ல மாட்டேன். மூன்று பலகைகளையும் நானே பிடுங்கிக் கொண்டு போய்க் கொடுத்தேன். கேட்காரனுக்குப் பக்கத்துத் துண்டு கிடைத்தது. மற்ற இரண்டும் வேறு இரண்டு பேருக்கு. டர்னர் என்னிடம் வந்து ஒன்றுமே சொல்லவில்லை. நாலாவது துண்டைப் பற்றித் தான் பேசியதே அவனுக்கு ஞாபகம் இல்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டு வருடம் நான் யாரோடு போட்டி போட்டேன்?

அடுத்த வருடம் புடலைக்குக் கல்லும் கட்டவில்லை, நட்டும் கட்டவில்லை. எல்லாம் சுருண்டு வளைந்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு காய்த்தன. அரிவாள்மனையில் நறுக்கக் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். கூட்டில் போட்ட பிறகு எந்தக் காய் நேராக இருந்தது, எது வளைந்திருந்தது என்று யார் கண்டுபிடிக்க முடியும்? அக்கம்பக்கத்து ஜன்னல்கள் மறுபடி திறந்தன. ஒரு வீட்டில் அவர்களாகவே கேட்டு வாங்கினார்கள். அதை நான் இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். முதலில் அது பிடிக்கவில்லை. கை சும்மா இருந்தால் யாரையாவது திட்ட வேண்டும்போல இருக்கும். நல்லவேளை, பக்கத்துத் துண்டில் கேட்காரன் இருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வெண்டையை அடர்த்தியாக விதைப்பான், கத்திரிக்குத் தண்ணீரைக் குளம் கட்டுவான். நான் என் வரப்பில் உட்கார்ந்தபடியே சத்தம் போடுவேன். "டேய், அது செடியா, ஜனக்கூட்டமா? பாதியப் புடுங்கு!" அவன், "உனுக்கு ஒரு துண்டு போதாது அண்ணாத்தே. என்னுதயும் சேத்து பாத்துக்கினு கீற" என்பான். நான் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது என் பையைத் தொட்டுப் பார்த்து, "சத்தம் வருதா?" என்று கேட்பான். ஒரு வாரம்கூட விட்டது கிடையாது.

ஒரு மழைக்குப் பிறகு அவன் மண்ணைக் கொத்தும்போது துருப் பிடித்த நட்டு ஒன்று கிடைத்தது. அந்தத் துண்டு என்னுடையதாக இருந்தபோது புதைந்தது. ஒன்று குறையக் கூடாது என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். ஒன்று குறைந்திருக்கிறது. கேட்காரன் அதைக் கழுவி என் கையில் வைத்து, "நான் பாத்தது பொடலங்காதான்" என்றான்.

அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து மிஷின் பலகை மேல் வைத்தேன். அவள் துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, துணி வெட்டும்போது மேலே வைக்கும் பாரமாக்கிக்கொண்டாள். மிஷின் மேல் அதைத் தவிர வேறு எதுவும் வைக்க எனக்கு அனுமதி இல்லை. தோட்டத்திலிருந்து காயோடு வந்தால் வாசலிலேயே கேட்பாள்.

"எத்தினி?"

"நாலு."

"உள்ள வா."